இயந்திரமும் கிணற்று நீரும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, நெய்தற்றிணையின் சிறப்பு என்பது போன்ற ஒரு பொருளையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவரிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? யாமும் அவ்வாறே தொடங்கினோம். இரண்டு பக்கங்கள் எழுதிய பின் நிறுத்திவிட்டோம். நெய்தல் நிலத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பறையிற் பேசி வரும் யாம், அந்நெய்தற் கடலின் நடுவே, எமது அறியாமையினாற் பதினேழு பேரை அலைமேல் தவிக்கவிட்ட கதையை இதுகாறும் எங்கும் எழுதியதில்லை. அதனைக் கல்லூரித் தாயின் விழா மலரில் எழுதுதல் பொருந்துமோ என ஐயுற்றோம். பிழை கண்டவிடத்து அதனை ஒப்புக்கொள்ளுமாறு எம்மைப் பழக்கிய இடம் இதுவே. ஆதலின் இங்கு எழுதுதலே முறை என்று துணிந்தோம்.

எமது குடும்பம் தீவகத்தைச் சேர்ந்தது. 1990 இல் ஊரை விட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டுக்கு வந்தபொழுது எமக்கு வயது பதினொன்று. புத்தகப்பை ஒன்றுமன்றி வந்த எம்மை நம் கல்லூரி ஏற்றுக்கொண்டது. ஆறாம் வகுப்பின் கடைசி வாங்கில் எமக்கு இடங் கிடைத்தது. அவ்வாங்கில் எமக்கு முன்னரே இருந்தவர், இக்கட்டுரையின் உண்மையான தலைவர். அவர் பெயரை எழுதுவதற்கு அவர் இசையவில்லை. ஆகவே தோழர் என்றே குறிப்போம்.

தோழரின் தந்தையார், 1967 இல் நோர்வே நாட்டு மக்களின் உதவியோடு காரைநகரில் தொடங்கப்பெற்ற சீநோர் படகுத் தொழிலகத்தில் வேலை பழகியவர். தோழருக்கும் படகு இயந்திரங்களிலேயே நாட்டம். இலக்கண வகுப்பில் அவர் கொப்பியின் பின்பக்கத்திற் பிஸ்டனின் படம் வரைவார். குப்பி விளக்கில் யாம் படித்த அக்காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் இயந்திரத்தை ஓடவைக்கும் வித்தையை அவர் எமக்கு விளக்குவார். எமக்கு ஒன்றும் விளங்காது, விளங்கியதுபோல் தலையசைப்போம். 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபொழுது, எம் கையிற் புத்தகங்களும் அவர் கையில் தந்தையாரின் சாவிப் பெட்டியும் இருந்தன. யாம் திரும்பி வந்து படித்தோம். பின்னர்க் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் பெற்றோம். அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. இயந்திரம் திருத்துபவரானார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தியில் எதிர்ப்படுவோம், "மாஸ்டர், சுகமோ?" என்பார், "சுகம்" என்போம். எம் உறவு அவ்வளவிற்குச் சுருங்கிப்போயிருந்தது.

எம் தமையனார் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் இயந்திரப் படகொன்றை வைத்திருக்கின்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நெஞ்சு வருத்தத்தினால் வைத்தியசாலையிற் கிடந்து, பின்னர் நீண்டகாலம் வீட்டில் ஓய்ந்திருக்க நேர்ந்தது. படகைச் செலுத்துவதற்குத் தண்டையல் இருந்தார். எண்ணெய்க் கணக்கும், இயந்திரத்துக்கு வேண்டியன கொடுத்தலும் எம் பொறுப்பாயின. நெடுந்தீவிலேயே அப்பொழுது யாம் கற்பித்து வந்தமையால் நாள்தோறும் அப்படகிலேயே சென்று வந்தோம்.

இயந்திரத்தின் தலைப்பக்கத்தில் ஒரு சிறு நீர்த்தொட்டி உண்டு. அதில் நீர் குறைகின்றதென்று தண்டையல் ஒருநாட் கூறினார். தமையனாரின் அறையில், பற்றரிக்கு விடுகின்ற வடித்த நீர்ப் போத்தல்களும், பச்சை நிறமான குளிர்த்தித் திரவமும் இருந்தன. அவை இரண்டு வாரங்களில் முடிந்துவிட்டன. கடையில் விலை கேட்டோம். எமக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கிணற்று நீரை ஒரு கலனில் நிரப்பிக் கொண்டு சென்றோம்.

தண்டையல் வயதில் மூத்தவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாஸ்டர், உந்தக் கிணத்துத் தண்ணியை விடாதையுங்கோ. அண்ணை போத்தல் தண்ணிதான் விடுறவர்."

"நாங்கள் குடிக்கிற தண்ணியை எஞ்சின் குடிக்காதோ?" என்றோம்.

அவர் சிரித்தார். வாத்தியார் சொன்னதற்கு மேல் அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. நான்கு மாதங்கள் வரை ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒரு லீற்றருக்குக் குறையாமற் கிணற்று நீரை ஊற்றினோம். ஊற்றிய நீர் எங்கே போகின்றதென்று ஒருநாளாயினும் யாம் கேட்கவில்லை. வள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் நோயின் முதலைத் தேடுமாறு வைத்தியனுக்குச் சொல்வதை, அதே நான்கு மாதங்களில் ஒருநாள், பதினொராம் வகுப்புக்கு மிக விரிவாக விளக்கினோம் என்பதையும் இங்கே மறைத்தல் ஆகாது.

யூலை மாதம், சோழகம் உரத்து வீசுங் காலம். பிற்பகற் பயணம். ஆசிரியர் சிலரும், யாழ்ப்பாணம் செல்லும் ஊரவர் சிலரும், விளையாட்டுப் போட்டிக்குச் செல்லும் மாணவர் அறுவருமாகப் பதினேழு பேர். பாதி வழி கடந்திருப்போம். பின்புறத்தே புகையோடு வெளியேறும் கடல்நீர் வழக்கம்போற் பாயாது நூல்போல் ஒழுகுவதைத் தண்டையல் கண்டார். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. எச்சரிக்கை மணியின் கம்பி என்றோ அறுந்திருந்தது. அதனைத் திருத்துவதும் எம் பொறுப்பிலேயே இருந்த ஒன்று. பெட்டி மூடியின் இடுக்கு வழியே வெண்ணிற ஆவி சீறியது. தண்டையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

இயந்திரம் ஓய்ந்த பின்னர்க் கடலின் ஒலி எத்துணைப் பெரிதென்பதை அன்றுதான் அறிந்தோம். படகு அலைக்குக் குறுக்கே திரும்பி உருளத் தொடங்கியது. யாம் உதவி செய்யும் எண்ணத்துடன் நீர்த்தொட்டியின் மூடியைத் திறக்கக் கையை நீட்டினோம். தண்டையல் எம் கையைப் பிடித்து இழுத்தார், வாழ்நாளில் முதன்முறையாக எம்மை அதட்டினார்: "விடுங்கோ மாஸ்டர்! முகம் வெந்துபோம்!" அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி திறந்த கணத்தே ஆவியாகிப் பீறிட்டெழும் என்பதைப் பின்னர் அறிந்தோம். எம் முகம் இன்று முகமாக இருப்பது அக்கிழவரின் கையினால்.

நங்கூரம் இட்டார்கள். நல்லூழாக அது நிலத்தைப் பற்றியது. மாணவருட் சிறியவன் ஒருவன் எம் சட்டையைப் பற்றிக்கொண்டு, "சேர், எஞ்சினுக்குக் காய்ச்சலோ?" என்றான். ஆம் என்றோம். "ஆர் மருந்து குடுக்கிறது?" என்றான். அதற்கு எம்மிடம் விடை இல்லை. அரைமணி நேரத்தின் பின் அவ்வழி வந்த மீன்பிடிப் படகொன்று எம்மைக் கயிற்றாற் கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. ஒருவருக்கும் ஒரு தீங்கும் இல்லை. எனினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை தோழரைத் தேடிச் சென்றோம். நடந்ததைக் கேட்டார். அவர் கேட்ட முதற் கேள்வி, "எந்தத் தண்ணி விட்டனீங்கள் மாஸ்டர்?" என்பது. உண்மையைச் சொன்னோம். அவர் ஏசவில்லை. எம்மை உள்ளே அழைத்துச் சென்று, அடுப்படியிலிருந்த கேத்தலை எடுத்து, மூடியைத் திறந்து காட்டினார். அதனுள்ளே சுற்றிவரச் சாம்பல் வெண்மையாய்க் கட்டி படிந்திருந்தது. "உங்கடை வீட்டிலையும் உது இருக்கும். இதுதான் எஞ்சினுக்குள்ளையும்" என்றார்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது என்பதைப் புவியியல் நூலிற் படித்தோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏந்திக்கொண்டு கீழிறங்கும்பொழுது அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகின்றது. அந்நீரைச் சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும். கரைந்திருந்த சுண்ணம் மீண்டுங் கல்லாகிப் பாத்திரத்தின் மேற் படியும். நாள்தோறும் புதிய கிணற்று நீரை ஊற்றிய யாம், நாள்தோறும் ஒரு சிட்டிகை கல்லையும் ஊற்றி வந்தோம். அக்கல், வெப்பத்தைக் கடத்துந் திறனில் இரும்பிலும் பன்மடங்கு தாழ்ந்தது. இயந்திரத்தின் சுவருக்கும் நீருக்கும் இடையே அது ஒரு கம்பளிப் போர்வைபோல் நின்றது. வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே திகைத்தது.

படகு இயந்திரத்தின் குளிர்த்தி முறையைத் தோழர் மணலிற் கோடு கீறி விளக்கினார். 1897 இல் ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் றுடோல்வ் டீசல் தம் இயந்திரத்தை வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய நாள் தொட்டு, எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியே வேலையாக மாறுகின்றது. எஞ்சிய வெப்பம் புகையோடும் நீரோடும் வெளியேறியாக வேண்டும். வீதியில் ஓடும் வண்டிக்குக் காற்று உதவும். படகுக்குக் கடல் உதவும். ஆனாற் கடல்நீரை நேரே இயந்திரத்தின் உள்ளே விட்டால் உப்பு அரிக்கும். 60 பாகை அளவைத் தாண்டிச் சூடேறினால் அதிலுள்ள உப்புக்களும் விரைந்து படியும். ஆதலால் இயந்திரத்தினுள்ளே நன்னீரே சுற்றிச் சுற்றி ஓடும். அந்நன்னீர், மெல்லிய குழாய்கள் பல நிறைந்த ஒரு கூட்டின் வழியே செல்லும். அக்குழாய்களினுள்ளே கடல்நீர் ஓடும். ஒன்றோடொன்று கலவாமலே வெப்பத்தை ஒன்று கொடுக்கும், மற்றொன்று வாங்கும். அக்கூட்டினைக் கடலோடிகள் கூலர் என்பர். நன்னீர்ப் பாதையை அடைத்தது எம் கிணற்று நீர். கடல்நீர்ப் பாதையை அடைத்தது எது என்பது அப்பொழுது தெரிந்திலது.

வேலை மூன்று நாள் நடந்தது. பாடசாலைக்கு விடுமுறை எழுதிவிட்டு யாம் தோழருக்குக் கையாளாக நின்றோம்.

முதல் நாட் கடல்நீர்ப் பாதை. படகின் அடியிலுள்ள நீர்த்திருகை மூடினார். வடிகட்டியைத் திறந்தபொழுது கடற்சாதாளையும் கிழிந்த பொலித்தீன் துண்டொன்றும் வந்தன. அதன் பின்னர் நீரிறைக்கும் பம்பியைக் கழற்றினார். அதனுள்ளே இறப்பரினால் ஆன சில்லு ஒன்று. பூவின் இதழ்கள்போல ஆறு இதழ்கள் அதற்கு இருத்தல் வேண்டும். நான்கே இருந்தன. புதியதை மாட்டிவிட்டு மூடுவார் என்று எண்ணினோம். அவர் மூடவில்லை. "மற்ற இரண்டும் எங்கை?" என்று தேடத் தொடங்கினார். உடைந்த இதழ்கள் கடலுக்குப் போயிருக்கும் என்றோம். "போயிருந்தால் நல்லது. போனதைக் கண்டனீங்களோ?" என்றார். கூலரின் முடியைக் கழற்றியபொழுது அவ்விரண்டு துண்டுகளும் குழாய்களின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன. இழந்ததைக் கண்டுபிடியாது மேற்செல்லலாகாது என்பது அவர் தொழிலின் விதி.

குழாய்கள் புல்லாங்குழல் போன்றவை. ஆயின் வாயெல்லாம் வெள்ளை அடைத்து, சிலவற்றில் ஓர் ஈர்க்கு நுழைவதே அரிதாக இருந்தது. யாம் இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. இரும்பு குழாயின் உள்மேனியைக் கீறும். கீறிய இடத்திலே அரிப்புத் தொடங்கும். தென்னீர்க்கும் மரக்குச்சியுமே அவர் கருவிகள். அரிப்பைத் தன்மேல் ஏற்பதற்காகக் கூலரில் மாட்டப்பட்டிருக்கும் நாகத் துண்டையும் கழற்றி வைத்தார். அமிலம் அதனை முதலில் தின்றுவிடும் என்றார்.

எந்த அமிலம் என்பதில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. துறையில் நின்ற ஒருவர், கழிப்பறை கழுவுவதற்கு விற்கும் ஐதரோக்குளோரிக் அமிலத்தை ஊற்றினால் ஒரு மணியில் வேலை முடியும் என்றார். தோழர் மறுத்தார். அது கல்லைக் கரைக்கும். அத்தோடு நில்லாது அலுமினியத்தையும் பற்றும். "சோத்துக்குள்ளை கல்லிருக்கெண்டு சட்டியை உடைக்கிறதே?" என்றார். அவர் எடுத்தது சித்திரிக் அமிலம். தேசிக்காயின் புளிப்பு எதுவோ அதுவே. லீற்றருக்கு 50 கிராம் வீதம் இளஞ்சூட்டு நீரிற் கரைத்தார். கையுறையும் கண்ணாடியும் எமக்கும் தந்தார். எந்த அமிலமாயினும் நீருக்குள் அமிலத்தை விடுக, அமிலத்துக்குள் நீரை விடற்க என்பதை இரண்டு முறை சொன்னார்.

கூலரின் குழாய்க் கட்டினை அக்கரைசலில் அமிழ்த்தியவுடன் நுரை எழுந்தது. கல் மீண்டும் வாயுவாகப் பிரியும் ஒலி, தொலைவிற் பெய்யும் மழைபோற் கேட்டது. சிறிது நேரத்தின் பின் நுரை அடங்கிவிட்டது. கல் தீர்ந்ததா, அன்றி அமிலத்தின் வலி தீர்ந்ததா என்பதை எப்படி அறிவது? எமக்கு ஓர் உபாயந் தோன்றியது. சோக்கும் சுண்ணம் அன்றோ? எம் சட்டைப்பையிற் கிடந்த சோக்குத் துண்டொன்றைக் கரைசலில் இட்டோம். ஒரு குமிழியும் இல்லை. "அமிலம் செத்துப்போச்சு" என்று தீர்ப்புக் கூறினோம்.

தோழர் ஒன்றும் பேசாது கரையில் இறங்கி, ஒரு சிப்பியை எடுத்து வந்து அதே கரைசலில் இட்டார். அது பொங்கிற்று. "வாத்தியார்மாற்றை சோக்குப் பொங்காது. சிப்பி பொங்கும்" என்றார். காரணம் அவருக்குத் தெரியாது; கண்டறிந்திருந்தார். பாடசாலைக்குத் திரும்பியபின் இரசாயன ஆசிரியரிடம் கேட்டோம். கரும்பலகைச் சோக்குகள் பல இப்பொழுது ஜிப்சத்தினால், அதாவது கல்சியம் சல்பேற்றினால் ஆனவை. சிப்பியோ கல்சியம் காபனேற்று. அமிலத்திற் பொங்குவது பின்னையதே என்றார். இத்துணை ஆண்டுகள் கையிற் பிடித்து எழுதிய பொருள் எதனால் ஆனது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இரண்டாம் நாள், கூலரையும் புதிய இறப்பர்ச் சில்லையும் பூட்டிக் கடல்நீர்ப் பாதையைச் சரிசெய்த பின், நன்னீர்ப் பாதையைத் தொடங்கினோம். ஆறிய இயந்திரத்திலிருந்து பழைய நீரை வடித்தார். தேயிலைச் சாயம்போன்ற நீரில் வெள்ளைச் செதில்கள் மிதந்தன. வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வினைக் கழற்றி எடுத்தார். வழக்கமாக நீர் ஓடும் திசைக்கு எதிர்த்திசையிற் குழாய்நீரை விட்டு, தளர்ந்திருந்த துகள்களை வெளியேற்றினார். பின்னர் 12 லீற்றர் நீருக்கு 600 கிராம் சித்திரிக் அமிலங் கலந்து நிரப்பி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டார். கை பொறுக்காத சூடு ஏறியது. ஒரு மணி நேரத்தின் பின் நிறுத்தி, ஆறவிட்டு வடித்தார். இரவு முழுவதும் ஊறவிட்டால் வேலை மிச்சமாகாதோ என்றோம். "கல்லுக்கு மருந்து, இரும்புக்கு நஞ்சு. கண்காணிக்க ஆளில்லாமல் விடக்கூடாது" என்றார். மீண்டும் புதிய கரைசல்; மீண்டும் ஒரு மணி. மூன்றாம் முறை வடித்த கரைசலிற் சிப்பியை இட்டபொழுது அது முதல்நாட்போற் பொங்கிற்று. அமிலம் உண்பதற்கு உள்ளே இனிக் கல் இல்லை என்பது அதன் பொருள்.

மூன்றாம் நாள் அப்பச்சோடா கரைத்த நீரை ஓடவிட்டு, எஞ்சிய புளிப்பை முறித்தார். அதன்பின் நீர் தெளியும் வரை கழுவினார். அக்கழுவலுக்குக் கிணற்று நீரைத் தொடவில்லை. தீவகத்து வீடொன்றின் மழைநீர்த் தொட்டியிலிருந்து பெற்ற நீர் அது. மழைநீரிற் சுண்ணம் இல்லை. இறுதியாக, வடித்த நீரும் குளிர்த்தித் திரவமும் பாதிக்குப் பாதி கலந்து, உள்ளே காற்று அடைபடாதவாறு மெல்ல மெல்ல நிரப்பினார். புதிய வால்வினைப் பூட்டு முன் ஒரு சட்டி நீரிலிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தார். 82 பாகை என்று அதிற் பொறித்திருந்தது. அவ்வளவை அண்மித்ததும் அது வாய் திறந்தது. "புதுசெண்டு நம்பிப் பூட்டக்கூடாது" என்றார்.

இவ்வளவும் செய்தபின்னும் நோயின் முதல் அகன்றிலது. நீர் ஏன் நாள்தோறும் குறைந்தது? இயந்திரத்தின் பின்புறத்தே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஓர் இறப்பர்க் குழாயின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. சூடேறும்பொழுது மட்டும் அது கசியும். கசிந்த நீர் வெப்பத்தில் உலர்ந்துவிடும். வெள்ளைத் தழும்பு மாத்திரம் நிற்கும். தோழர் கண்ணாடித் துண்டொன்றைப் பின்னே பிடித்து அத்தழும்பை எமக்குக் காட்டினார். சிறு தொகைக் குழாய். முதல் நாளே தேடியிருந்தால், நான்கு மாதம் ஊற்றியிருக்க வேண்டியதில்லை.

கழிவு நீரைப் பற்றியும் ஒரு சொற் கூற வேண்டும். வடித்த அமிலத்தை எல்லாம் ஒரு பீப்பாவிற் சேர்த்து, சிப்பிகளை இட்டுப் பொங்குதல் அடங்கும் வரை வைத்திருந்தார். மிஞ்சிய குளிர்த்தித் திரவத்தை இறுக மூடி எழுதி வைத்தார். அது நாவுக்கு இனிப்பது, ஆயின் உயிருக்கு நஞ்சு. நாயோ குழந்தையோ தொடலாகாது. ஒன்றையும் நிலத்தில் ஊற்றவிடவில்லை. சுண்ணக்கல் நிலம் துளைகள் நிறைந்தது. மேலே ஊற்றியது கீழே கிணற்றில் நிற்கும். ஆறில்லாத எம் நாட்டில் கிணறே ஆறு. கிணற்று நீரை இயந்திரத்துக்கு ஊற்றி இயந்திரத்தைக் கெடுத்தோம் யாம். இயந்திரத்து நீரை நிலத்தில் ஊற்றிக் கிணற்றைக் கெடாது காத்தார் அவர்.

சோதனை ஓட்டத்தில் யாமும் சென்றோம். முழு வேகத்திலும் முள் 80 இன் அருகே அசையாது நின்றது. பின்புறத்தே கடல்நீர் குபுகுபுவெனப் பாய்ந்தது. தண்டையல் எம்மை நோக்கி நகைத்தார், யாமும் நகைத்தோம், வேறென்ன செய்வது?

கூலி கேட்டோம். பொருள்களின் விலையை மட்டும் வாங்கினார். தம்மிடம் வேலை பழகும் இளைஞர் இருவருக்காக, செய்த வேலையை ஒழுங்குபடத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். இதுவாவது எம் துறை என்று மகிழ்ந்து, ஒரு வாரம் இருந்து எழுதினோம். வெப்பமாற்றி என்றும், சுழலிதழ் என்றும், வெப்பநிலைத் தாங்கி என்றும் சொற்களைத் தேர்ந்து அமைத்தோம். தோழர் பென்சிலை எடுத்து அவற்றை வெட்டி, கூலர், இம்பெல்லர், தேமோஸ்ரற் என்று எழுதினார். "நடுக்கடலிலை நிண்டு அகராதி பாக்க ஏலாது மச்சான்" என்றார். ஆறாம் வகுப்பு வாங்கில் எம்மை அழைத்த சொல், கால் நூற்றாண்டுக்குப் பின் அன்று திரும்பி வந்தது. அவர் வெட்டிய சொற்களுக்காக யாம் வருந்தவில்லை. அவர் வெட்டாது விட்ட சொல் ஒன்றும் உண்டு: வெண்படிவு. "உது நல்லாயிருக்கு, பாத்தவுடனை விளங்குது" என்றார். எம் தமிழ்ப் பணியிற் கிடைத்த பாராட்டுக்களுள் அதனையே பெரிதாக எண்ணுகின்றோம். அந்த அட்டை இன்றும் படகில் தொங்குகின்றது.

தமையனாருக்கு இவற்றை மறைத்து வைத்திருந்தோம். உடல் தேறி அவர் துறைக்கு வரவிருந்த முதல்நாள், அவரிடஞ் சென்று முழுவதையுங் கூறினோம். நீண்ட நேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, போத்தல் தண்ணி விடு எண்டு சொன்னன். ஏன் எண்டு சொல்லேல்லை. அது என்ர பிழை" என்றார். அவர் ஏசியிருந்தால் எமக்கு இத்துணை உறைத்திராது. வகுப்பறையில் யாமும் அவ்வாறன்றோ? இவ்விடத்து வல்லெழுத்து மிகும் என்கின்றோம். ஏன் என்று எத்தனை முறை சொன்னோம்? காரணம் அறியாது கொண்ட விதியை, விலை சற்றுக் கூடியவுடன் மனிதன் கைவிட்டுவிடுகின்றான். போத்தல் நீரை யாம் கைவிட்டதும் அவ்வாறே.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாற் படகு பல நாட்கள் கட்டிக் கிடந்தது. மீண்டும் ஓடவிட்டபொழுது பலரும் அஞ்சினர். நன்னீர்ப் பாதையில் ஒரு குறையும் காணப்படவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குளிர்த்தித் திரவத்தை மாற்றுகின்றோம். இறப்பர்ச் சில்லை ஆண்டுதோறும் பார்க்கின்றோம். எச்சரிக்கை மணியைப் பயணத்துக்கு முன் ஒலிக்கச் செய்து கேட்கின்றோம். "ஆர் மருந்து குடுக்கிறது?" என்று கேட்ட சிறுவன் இப்பொழுது உயர்தரம் படிக்கும் பருவத்தினன். அவனை ஒருநாள் தோழரின் தொழிற்கூடத்துக்கு அழைத்துச் சென்று, கேள்விக்கு விடையைக் காட்டினோம்.

முடிப்பதற்கு முன் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாவுக்கு வருவாயோ என்று தோழரைக் கேட்டோம். "சோதினை பாஸ் பண்ணினவைக்கல்லோ உது" என்றார். சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1995 இன் பின் திரும்பி வராதார் பலர் பெயரும் இராது. பரீட்சை எழுதாது போனாலும் அவர்களும் இவ்வாங்குகளில் இருந்தவர்களே; இங்கே பாடிய தேவாரத்தைத் தாமும் பாடியவர்களே. பழைய வகுப்பிடாப்புக்களை எடுத்து அப்பெயர்களைத் தேடுங்கள். உடைந்த இதழ்கள் கடலுக்குப் போயிருக்கும் என்று இருந்துவிடலாகாது. எம் தோழரின் முகவரி எம்மிடம் உண்டு. அழைப்பிதழைத் தந்தால் யாமே கொண்டு சென்று கொடுப்போம்.